கீரைக்காரியைத் தெரிய வைத்தவன்

சாலமன் போய்விட்டான் என்ற செய்தி காலையில் படூருக்கு வந்தது. நான் காவல் பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பால் பாக்கெட்டுகளை வீடு வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி ரோஸம்மா போன் செய்தாள். "அண்ணே, காபி கேட்டாரு. போட்டுக் கொண்டாந்து பாக்கறேன், நாற்காலியில தல சாஞ்சிகீது" என்றாள். மீதிப் பாலை வீடுகளில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. நான் எழுதப் படிக்கக் கற்று அதிக நாள் ஆகவில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு டீச்சரம்மா, வாட்ச்மேன்களுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் மாலையில் பாடம் நடத்துகிறார். நானாகப் படித்த முதல் சாவு போஸ்டர் அதுதான். எழுத்துக் கூட்டி 'சாலமன்' என்று முடித்ததும், அழுகைக்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. அவன் இருந்திருந்தால், "அண்ணாத்த படிச்சிட்டாருடோய்!" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூவியிருப்பான்.

மாதா கோயில் திருநாள் மலருக்கு அவனைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சாலமனின் வீடியோ கேம் கடையில் நின்று விளையாடிய உங்களில் பலருக்கு இப்போது தலை நரைத்திருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மெதுவாக எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகப் படித்தால் போதும்.

அப்போது நான் அவன் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவன். சாலமனின் அப்பாவும் அதே வேலைதான் செய்தவர். அந்தக் கடை ரோஸம்மாவுக்கு அவள் வீட்டில் கொடுத்தது. அதில் சாலமன் இரண்டு பழைய கேம் மெஷின்களை வைத்திருந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் மூன்றாவது மெஷின் மினி லாரியில் வந்து இறங்கியது. அது சண்டை மெஷின். சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் அதைத் தட்டிக் காட்டி, "அண்ணே, இது லேசான சரக்கு இல்ல. ரெண்டு கம்பெனி கேம் ஆளுங்களையும் ஒரே பொட்டியில போட்டு மோத வுட்டுகீறான். எல்லாம் பேமஸ் ஆளுங்க" என்றான்.

சாலமன் திரையை ரொம்ப நேரம் பார்த்தான். சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசை வரிசையாக முகங்கள். கீழே ஜப்பான் எழுத்து. படித்தவரும் படிக்காதவரும் அந்தத் திரைக்கு முன்னால் ஒன்றுதான் என்பதில் எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி.

"பேமஸ்னா யாருக்குப்பா பேமஸ்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் அண்ணாத்த. நமக்குத்தான் இன்னும் சேதி வரல" என்றான் சாலமன்.

அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் அது. போன மாதம் வரை முடியவில்லை.

பெயர் படிக்க முடியாததால் விளையாட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒற்றைக்காலில் நின்று அடிப்பவனுக்கு வேடந்தாங்கல் கொக்கு என்று பெயர். சுத்தியல் வைத்திருப்பவன் சம்மட்டி. முதுகில் பச்சையாக ஏதோ ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வருவாள். அவள் கீரைக்காரி. அடித்து முடித்ததும் மூட்டையைச் சரிசெய்துகொண்டு அக்கம்பக்கம் பார்ப்பாள். சாலமனுக்கு அவளைத்தான் பிடிக்கும்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ராகவன் சனிக்கிழமைகளில் வருவார். அப்போது கல்யாணம் ஆகாதவர். கம்ப்யூட்டர் பத்திரிகைகள் எல்லாம் படிப்பவர். அவர் ஒருநாள் திரையைப் பார்த்து விளக்கினார். "இவங்கள்ல பாதிப் பேரு நெஜமாவே பேமஸ் சாலமன். மத்த ஆளுங்க கட்டத்தை நிரப்புறதுக்கு. இதோ இந்தப் பொண்ணு, ஒரே ஒரு கேம்ல வந்தா. அது ஓடவே இல்ல. அவங்க ஊர்லயே இவளை யாருக்கும் தெரியாது."

சாலமன் பதறிப்போய்ச் சட்டென்று மெஷினின் ஸ்பீக்கர் மேல் கையை வைத்து மூடினான். "மெதுவா பேசு சார். அவ காதுல வுழும்."

ராகவன் சிரித்தார். நானும் சிரித்தேன். சாலமன் சிரிக்கவில்லை.

அவன் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ரோஸம்மாவின் அண்ணன் ஸ்டீபன் அந்தக் கடையில் எஸ்.டி.டி. பூத் வைக்க வேண்டும் என்று தங்கையைத் தினமும் அரித்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் பூத்துக்கு வரிசையில் நின்ற காலம். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புது மெஷினைத் தொட ஆள் வரவில்லை. வந்தவர்களும் பழைய மெஷினில் கார் ஓட்டிவிட்டுப் போனார்கள்.

ஸ்டீபன் ஒருநாள் கடைக்குள்ளேயே வந்து பேசினார். "இன்னா மாப்ள இது? பெரிய பெரிய ஆளுங்கன்றே. இதுல ஒரு மூஞ்சியாவது இந்த ஊர்ல ஒருத்தனுக்குத் தெர்யுமா? தெரியாத மூஞ்சிக்கு எவன் காசு போடுவான்?"

"தெர்யும் மச்சான். கேட்டா சொல்லுவாங்க."

"யாரு? உன் கடையில நாள் பூரா குந்திகினு கீறானுங்களே, அவனுங்களா?"

ரோஸம்மா மூலையில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணனையும் பார்த்தாள், புருசனையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் தெனம் என் உசுர வாங்காதீங்க. மாதா கோயில் திருநாள் வரைக்கும் டைம். அன்னிக்குப் பூசை முடிஞ்சி வர்ற சனத்துல, இந்தக் கடைக்குள்ள காலே வெக்காத ஒருத்தராவது இந்தப் பொட்டியில ஒரு மூஞ்சியப் பாத்து 'இவங்களைத் தெர்யும்'னு சொல்லணும். சொன்னா கடை இவருக்கு. சொல்லலன்னா மறுநாளே நீ பூத்து வெச்சிக்க."

ஸ்டீபன் அன்றைக்கே டெலிபோன் கூண்டுக்கு அளவெடுத்துவிட்டுப் போனார்.

சாலமனுக்கு வேறு தொழில் தெரியாது என்று சொல்லமாட்டேன். கொத்து வேலை தெரியும். ஆனால் கடையைத் திறக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருடைய வயலிலும் யாருடைய கட்டடத்திலும் இல்லாமல், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஊரை வரவேற்றான். அந்த ஸ்டூல் போய்விடும் என்ற பயம் அவனைத் தூங்கவிடவில்லை.

அவன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். "அண்ணாத்த, மகாபலிபுரத்துக்கு ஜப்பான்காரங்க வர்றாங்க இல்ல? ஒருத்தரைப் புடிச்சி, 'தெர்யும்'னு சொல்ல வெச்சி, திருநாளுக்கு இட்டாந்துடலாம். எந்த ஊரு சனம்னு ரோஸு சொல்லவே இல்லியே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் போனேன். மெஷினின் நெற்றியில் எல்லா ஆட்களின் படமும் போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதைக் கழற்றி, லுங்கியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

உருவங்கள் நிறைந்த அந்தப் பெரிய பாறைக்கு முன்னால் நின்றோம். கடைசியில் ஒரு ஜப்பான் தம்பதி வந்தார்கள். எங்கள் வயது இருக்கும். கூடவே குச்சி வைத்திருந்த ஒரு கைடு. சாலமன் லுங்கியைப் பிரித்துத் தகட்டை நீட்டினான்.

கைடு எரிச்சலாகப் பார்த்தார். "இன்னாய்யா இது, சோப்பு விளம்பரமா?"

"இல்ல சார். இவங்க ஊரு ஆளுங்க. தெர்யுமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

கைடு இங்கிலீஷில் கேட்டார். அந்த மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். தெரியாது. அந்த அம்மாவும் பார்த்தார். தெரியாது.

"போச்சா? அவங்க ஊர்லயே தெர்ல. இதுல செங்கல்பட்டுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். எனக்கு ஜெயித்த குஷி. சாலமனின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குஷி போய்விட்டது. தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கேதான் அந்த விஷயம் நடந்தது. வேறொரு கைடு, தமிழ்க் கூட்டம் ஒன்றுக்குப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு ஆளைக் குச்சியால் காட்டி, அவர் யார், எதற்காகத் தவம் செய்கிறார் என்று கதை சொன்னார். கூட்டம் தலையாட்டியது. அவர் நகர்ந்ததும் இன்னொரு கைடு இன்னொரு கூட்டத்தோடு வந்தார். அதே ஆளைக் காட்டி வேறொரு பெயர் சொன்னார், வேறொரு கதை சொன்னார். அந்தக் கூட்டமும் தலையாட்டியது.

சாலமன் மெதுவாக எழுந்தான். "அண்ணாத்த, கேட்டியா? இவ்ளோ காலமா நிக்கிறாரு. அவரு யாருன்னு இன்னும் ஒருத்தரு சொல்ல வேண்டியிருக்குது. அதுவும் ரெண்டு பேரு ரெண்டு மாதிரி."

"அதுக்கு?"

"பாறையில கீற சாமிக்கே ஆளு வேணும்னா, பொட்டியில கீற என் கீரைக்காரி இன்னா பண்ணுவா?"

ஓடிப்போய் அந்த ஜப்பான் தம்பதியை மறித்தான். அவர்களுடைய கைடின் குச்சியைக் கேட்டு வாங்கினான். தகட்டைப் பாறையில் சாய்த்துவைத்து, குச்சியால் கீரைக்காரியைத் தொட்டான். "அம்மா, ஐயா, இவ ஒரு கீரைக்காரி. திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் புருசனோட வந்தா. கூட்டத்துல அவனைத் தொலைச்சிட்டா. கீரைக்கட்ட கீழ வெக்க மாட்டா. ஏன்னா அவன் வந்தா பசியோட வருவான். வழியில எவன் மறிச்சாலும் அடிப்பா. அடிச்சிட்டு சுத்தி முத்தி பாப்பா. அவன் கீறானான்னு." கீரைக்காரி பார்ப்பது போலவே தோளைத் திருப்பி, அக்கம்பக்கம் பார்த்துக் காட்டினான்.

கைடு வேண்டாவெறுப்பாக மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் தானும் கையை ஆட்டிக் கதை சொன்னார். அந்த ஐயா சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. தகட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, கைடிடம் ஏதோ கேட்டார்.

"புருசன் கெடச்சானான்னு கேக்கறாங்க" என்றார் கைடு.

"இன்னும் தேடிகினு கீறான்னு சொல்லு" என்றான் சாலமன். எதையும் கூவிச் சொல்கிறவன் அதை மெதுவாகச் சொன்னான். உங்களில் யாரும் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டீர்கள். எனக்கு மட்டும் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்: "தெரிஞ்ச ஆளத் தேடிகினு போனேன் பாரு, அதான் தப்பு. இனிமே தெரிய வெக்கணும்."

மறுநாளிலிருந்து கடையில் வந்த சட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆளைத் தேர்ந்தெடுத்தவுடன் பட்டனைத் தட்ட விடமாட்டான். ஒரு மூங்கில் குச்சியைக் குறுக்கே நீட்டுவான். "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு சண்டைக்கு வந்தே?" பதில் சொன்ன பிறகுதான் காசு. முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். மோட்டார் மெக்கானிக் ஒருவர், "நான் சம்மட்டி. பாலாத்துல மண்ணு அள்ளினவன் வண்டிய மறிச்சேன். அவன் ஆளுங்க என்னத் தேடிகினு கீறாங்க" என்பார். எதிரில் நிற்கும் ராகவன், "நான் கொக்கு. வேடந்தாங்கல் ஏரியில தண்ணி இல்ல, உன் வயல்ல நிக்க வந்தேன். நீ கல்லால அடிச்சே" என்பார். "கொக்கு இங்கிலீஷ்ல பேசாதா சார்?" என்று ஒருவர் சீண்டுவார். கீரைக்காரியை எடுத்தவர்கள் மட்டும் கதையை மாற்ற முடியாது. அவள் புருசனைத் தேடி இன்றைக்கு எந்த ஊர் வரை போனாள் என்பதை மட்டும் சேர்க்கலாம். மதுராந்தகம் போனாள். கூவத்தூர் போனாள். ஒரு தடவை கல்பாக்கம் வாசலில் காவல்காரர் அவளை உள்ளே விடவில்லை என்று ராகவன் சொல்ல, கடையே கொந்தளித்தது.

"மூஞ்சியப் பாக்காத. வந்த காரணத்தக் கேளு" என்று சாலமன் சொல்லிக்கொண்டே இருப்பான். ஆனால் கடைக்குள் வந்தவர்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். ரோஸம்மா கேட்டது கடைக்குள் வராத ஆள். திருநாள் நெருங்க நெருங்க அவன் சாப்பாடு குறைந்தது.

திருநாள் அன்று பூசை முடிந்ததும் மெஷினைக் கடை வாசலுக்கு இழுத்துவைத்தோம். ஸ்டீபன் வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உபதேசியார் வந்தார். பார்த்தார். "தெரியலியேப்பா" என்று வருத்தத்தோடு போனார். கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். ஒரு வாத்தியார், ஒரு பேண்டு மாஸ்டர், ஒரு பலூன்காரர். யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கரைய ஆரம்பித்தது. ரோஸம்மா சாலமனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டதற்கு வருத்தப்படுகிறாள் என்று தெரிந்தது. சொன்ன சொல்லை மாற்றுகிறவளும் இல்லை அவள்.

சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் கன்னியம்மா, காலிக் கூடையோடு கோயிலிலிருந்து வந்தாள். அவள் இந்துதான். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் திருநாளைக் கழிக்கமாட்டாள். கூட்டம் ஏன் என்று எட்டிப் பார்த்தாள். திரையில் அந்த நேரத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை மூட்டைக்காரி வந்து, அடித்து, அக்கம்பக்கம் பார்த்தாள்.

"அய்ய! இவ அந்தக் கீரைக்காரி இல்ல?" என்றாள் கன்னியம்மா.

ஸ்டீபனின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"உனக்கு எப்படிம்மா தெர்யும்?" என்று ரோஸம்மா ஓடிவந்தாள். "நீ இந்தக் கடைக்கு வந்துகீறியா?"

"நான் எங்க வந்தேன்? தெனம் கல்பாக்கம் பஸ்ல கூடையோட நிக்கிறேன். ஆபீசுக்குப் போறதுங்க இவ கதையத்தான் பேசிகினு வருதுங்க. சந்தையில புருசனத் தொலைச்சவ, தோள்ல கீரைக்கட்டு, அடிச்சிட்டு சுத்திப் பாப்பான்னு. நெசப் பொம்பளன்னு இல்ல நெனச்சேன்! இப்பதான் அவளுக்குன்னு ஒரு மெழுவத்தி ஏத்திட்டு வரேன்." பிறகு திரையருகே போய்க் கேட்டாள்: "கெடச்சானா இல்லியாடி உன் புருசன்?"

சாலமன் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒயரைச் சரிசெய்வதாகச் சொன்னான். ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

ஸ்டீபன் விடவில்லை. "இது போங்கு! அவ பேரு கீரைக்காரியே இல்ல. ஜப்பான்ல அவளுக்கு வேற பேரு, வேற கத!"

"ஏன், உன் பூத்துல ஜப்பான்காரனா வந்து போன் பேசப் போறான்?" என்றாள் ரோஸம்மா. "தெர்யும்னு சொல்லிச்சு அந்தம்மா. கடை இவருக்கு."

கடை அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. நான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ கதை கட்டித் தெரிய வெச்சே. அதுக்குப் பேரு பேமஸ் இல்ல" என்பேன். "எல்லாரும் மொதல்ல தெரியாதவன்தான் அண்ணாத்த" என்பான். டீ ஆறிப்போகும்.

பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு ஸ்டீபனின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பேனர் அடிக்கும் பொறுப்பு சாலமனுக்கு. மேலே மணமக்கள், கீழே வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். அந்த வரிசையில் நானும் இருந்தேன். கடைக்காரர் எல்லார் முகத்தையும் ரோஸ் கலரில் பளபளவென்று ஆக்கியிருந்ததால், என் முகம் எனக்கே பிடிபடவில்லை. வரவேற்பு அன்று ஸ்டீபன் மண்டப வாசலில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்தார். எனக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்த பெண்ணின் மேல் அவர் கண் நின்றது.

"மாப்ள, இது யாரு? நம்ம ரோஸு பக்கத்துச் சனமா?"

"ஏன் மச்சான், தெர்லியா?"

"தெரியாம இன்னா? நல்லாத் தெர்யும். நல்லாப் பழகின மூஞ்சி. பேருதான் வாயில வரமாட்டேங்குது."

சாலமன் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து வாழைமரம் சாய்ந்துவிட்டது. "மச்சான் வாயால சொல்லிட்டாரு! தெர்யும்னு சொல்லிட்டாரு!" ரோஸம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கட்டத்தில் இருப்பது கீரைக்காரி என்று புரிந்ததும் ஸ்டீபன் முதலில் முறைத்தார். பிறகு அவரே போய்ப் தன் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் இழுத்துவந்து, "இவ யாருன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடுகளில் கம்ப்யூட்டர் வந்தது. கடையில் கூட்டம் குறைந்தது. மெஷினை ஒருவர் வாங்கிப்போனார். "சனம் வூட்லயே சண்டை போட ஆரம்பிச்சிடுச்சி அண்ணாத்த" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இறக்கினான் சாலமன். அதே இடத்தில் ரீசார்ஜ் கடை வைத்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடக்கத்துக்கு ராகவன் வந்திருந்தார். மண் போட்டு முடித்ததும் இருவரும் வேப்பமர நிழலில் நின்றோம். "உங்களுக்குத் தெரியுமாண்ணே, நான் இப்பவும் நெட்ல தேடிப் பாப்பேன். நம்ம கீரைக்காரியைப் பத்தி எங்கயும் ரெண்டு வரிக்கு மேல கிடையாது. நீங்க சொன்னதுதான் சரி. அவ பேமஸே இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க நெட்டுக்கு இன்னும் சேதி வரல சார். அதுக்கு அவ இன்னா பண்ணுவா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். இத்தனை வருடமும் நான் எதிர்க்கட்சி பேசினேன். இப்போது அவன் கட்சி ஆளில்லாமல் கிடக்கிறது. அதை நான் எடுத்துக்கொண்டேன். அவனிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். வாதம் செய்ய விருப்பமுள்ளவர்கள் படூருக்கு வரலாம். மாலையில் பாடம் முடிந்ததும் வாசலில்தான் இருப்பேன்.